துடைப்பம் யார் கையில்?



தொடக்கக் கல்வி பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரு பேச்சு அடிபடுகிறது: பாடம் மட்டும் போதாது, ஆளுமை வளர்ச்சியும் வேண்டும், இரண்டையும் சமமாகப் பார்க்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேரியிலிருந்து பள்ளிக்குப் போன நமக்கு அவை இரண்டும் தனித்தனியாக வந்ததே இல்லை. 'அ' எழுதப் பழகிய நாட்களிலேயே, வகுப்பைப் பெருக்கும் துடைப்பம் யார் கையில் தரப்படும் என்பதையும் கற்றுக்கொண்டோம். வாய்ப்பாடு மறந்துபோனவர்கள்கூட அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

சாத்தாராவில் படித்த அம்பேத்கர், தான் உட்காரும் சாக்குத் துணியைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுபோனார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். படிப்பில் எவ்வளவோ உயரம் போன பிறகும் அந்தச் சாக்கையும் தாகத்தையும் அவர் எழுதிவைத்தார்.

அதற்கு வெகுகாலம் முன்பே வேறுவிதமான பள்ளியும் இருந்தது. புனேயில் புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, 1855இல் 'ஞானோதயா' இதழில் மாங், மகார் மக்களின் துயரம் பற்றிக் கட்டுரை எழுதினார். வேதம் பிராமணருக்கு மட்டும் என்றால் எங்கள் மதம் எது என்று கேட்டார். அந்தப் பள்ளி எழுத்தையும் கேள்வியையும் சேர்த்தே கொடுத்தது.

'சமநிலை' என்ற பேச்சில் நமக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை அப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. வாழ்க்கைக் கல்வி என்று சொல்லி எழுத்தைக் குறைத்தால், குறைவது முதலில் நம் பிள்ளைக்குத்தான்.

இன்று நாம் நினைவுகூரும் ஆசிரியர் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய மாலை வகுப்பில் பெருக்கும் முறை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படிதான் வரும். முதல் நாள் அவரே பெருக்குவார். தப்பாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க யாரையும் விடமாட்டார். அதே வகுப்பில், ஒரு பக்கத்தைத் திக்காமல் படிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் விடவும் மாட்டார். கண்டிப்பும் மரியாதையும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29ஆவது பிரிவு குழந்தையின் முழு வளர்ச்சியையும் அச்சமற்ற கற்றலையும் கேட்கிறது. 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் அதில் உரிய இடம் உண்டு.

அந்த நாற்காலியில் நாம் போய் உட்கார வேண்டும். அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேட்போம். வகுப்பையும் கழிப்பறையையும் யார் பெருக்குகிறார்கள்? யார் எங்கே உட்காருகிறார்கள்? காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்க யாரை அழைக்கிறார்கள்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தானே படிக்கிறதா?

நான்குக்கும் பதில் வரும்வரை எழுந்து வரவேண்டாம். அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்.