இரத்தம் சொல்லும் வயது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் வயதைக் கேட்டால், "ஜப்பான்காரன் வந்தப்ப நான் நடக்கிற புள்ளையாம். நீயே கணக்குப் பார்த்துக்கோ" என்பார். ஜப்பானியர் வந்தது 1941 டிசம்பரில். அதற்கு மேல் எங்களுக்குக் கணக்குத் தெரியவில்லை.

இன்று விஞ்ஞானம் அதே கேள்வியை ஒரு துளி இரத்தத்திடம் கேட்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் திருட்டு. உடைந்த ஜன்னலில் இரத்தக்கறை என்று வைத்துக்கொள்வோம். 1984-ல் இங்கிலாந்தில் அலெக் ஜெப்ரீஸ் கண்ட முறையின் வழியில், அக்கறையின் டி.என்.ஏ.வைச் சந்தேக நபருடையதோடு ஒப்பிடலாம். நம் நாட்டில் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள இரசாயன இலாகா இச்சோதனையைச் செய்கிறது. 2009-ல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒப்பிட ஆளே அகப்படாவிட்டால்? தேட வேண்டியது இருபது வயது இளைஞரையா, அறுபது வயதுப் பெரியவரையா என்றாவது தெரிந்தால் போலீசாருக்கு உதவுமல்லவா?

பால்மரத்தைப் பாருங்கள். மரம் அதே மரம்தான். ஆனால் பட்டையிலுள்ள வெட்டுத் தழும்புகளைக் கண்டே, எத்தனை வருஷம் வெட்டிய மரம் என்று அனுபவமுள்ள மண்டோர் சுமாராகச் சொல்லிவிடுவார். டி.என்.ஏ.வும் அப்படித்தான். அதன்மேல் 'மீதைல்' என்னும் நுண்ணிய இரசாயனப் பொட்டுகள் உண்டு. வயது ஏற ஏறச் சில இடங்களில் அவை கூடும். சில இடங்களில் குறையும். 2013-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற அறிஞர் 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணக்கிட்டார். சோதித்தவர்களில் பாதிப் பேருக்கு 3.6 வருஷத்துக்குள்தான் வித்தியாசம்!

ஆனால் மோசமாக வெட்டிய மரம் சீக்கிரம் கிழடு தட்டுவதுபோல, நோயும் வாழும் முறையும் இக்கணக்கை மாற்றிவிடும்.

பெற்றோர்களே, இங்கேதான் நம் பிள்ளைகளின் விஷயம் வருகிறது. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் சிறார். பத்திரமில்லாத ஒரு பையன் வழக்கில் மாட்டிக்கொண்டால், அவனுக்குப் 17-ஆ, 18-ஆ என்பதே பெரிய கேள்வி. இரத்தம் என்ன சொல்லும்? "பதினைந்திலிருந்து இருபத்தொன்றுக்குள் இருக்கலாம்" என்று சொல்லும். பல்லும் எலும்பும் சொல்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். திருடனைத் தேட அது போதும். நம் பிள்ளையின் நியாயத்துக்குப் போதாது.

அந்தத் தேதியைச் சரியாகச் சொல்வது பிறப்புப் பத்திரம், நாம் சொல்லும் 'சூராட் பெரானாக்', ஒன்றுதான். ஆகவே பிள்ளை பிறந்ததும் பதிவிலாகாவில் தாமதமின்றிப் பதியுங்கள். 12 வயதில் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். இன்னும் பதியாத பிள்ளை உங்கள் வரிசையில் இருந்தால், வெட்கப்படாமல் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள்.

கண்மணிகளே, அந்த 3.6 வருஷத்தை 3.6 மாதமாகக் குறைக்கும் வேலை இன்னும் மீதியிருக்கிறது. அதை உங்களில் ஒருவர் செய்யட்டும்!