லூசியா யாரைப் பார்க்கிறாள்?

"ப்ரோ, ஆயில் பெயிண்டிங் கத்துக்கறேன்னு சொன்னீங்களே, என்ன ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சுமாராத்தான் போகுது. ஆனா சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு.

முகம் வரையணும்னா முதல்ல ஒரு பழைய மாஸ்டர் படத்தை அப்படியே காப்பி பண்ணுன்னு சொல்லித் தந்தவர் சொன்னார். காப்பி அடிக்கறது நமக்குப் புதுசா? இன்ஜினியரிங் நாலு வருஷமும் அதுதானே பண்ணோம்.

நான் எடுத்தது, சோஃபோனிஸ்பா அங்குவிஸ்ஸோலா 1555-ல் வரைந்த 'செஸ் ஆட்டம்'. இத்தாலியில் கிரெமோனா ஊர்க்காரங்க. அப்போ அவங்களுக்கு இருபது வயசு தாண்டி கொஞ்சம்தான். ஆடையில்லாத மாடலை வெச்சு உடம்பை வரையப் பழகுறது அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிடையாது. அதனால வீட்டையே வரைஞ்சாங்க. மூணு தங்கச்சிங்க செஸ் ஆடுறாங்க, ஓரமா ஒரு வேலைக்கார அம்மா நின்னு பார்க்கறாங்க. படம் இப்போ போலந்துல, போஸ்னான் நகர அருங்காட்சியகத்துல இருக்கு. நான் ஸ்கிரீன்ல மட்டும்தான் பார்த்திருக்கேன்.

ஒரிஜினல் 72-க்கு 97 சென்டிமீட்டர். நான் பாதி சைஸ்ல ஆரம்பிச்சேன். கட்டம் போட்டு, கரியில கோடு. அப்புறம் பழுப்பு நிறத்தை டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்சு நிழல் மட்டும். அதுவரைக்கும் நான்தான் கெத்து.

தோல் நிறம் வந்ததும் காலி. முதல் முறை மூணு பேரும் ரோஸ் மில்க் குடிச்சு அதுலயே குளிச்ச மாதிரி இருந்தாங்க. மஞ்சள் காவி, கொஞ்சம் சிவப்பு, வெள்ளை, நிழல்ல துளி பச்சை. இது கைக்கு வரவே ரெண்டு மாசம். அடுத்து, சின்னவ யூரோப்பாவோட கன்னத்துல விரிசல். ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயறதில்ல. எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மெதுவா இறுகுது. அதனால கீழ எண்ணெய் கம்மியா, மேல ஜாஸ்தியா வைக்கணும். நான் தலைகீழா வெச்சுட்டேன். மேல இருக்கிறது இறுகிடுச்சு, கீழ இருக்கிறது இன்னும் அசையுது. நாம வேலை பார்க்கிற கோடுலயும் இப்படித்தான் உடையும், இல்லையா?

சுரண்டிட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன். ஆனா நான் மாட்டினது லூசியாகிட்ட. யூரோப்பா மினர்வாவைப் பார்த்துச் சிரிக்கிறா. மினர்வா கையைத் தூக்கிக்கிட்டு லூசியாவைப் பார்க்கிறா. லூசியா மட்டும் நேரா நம்மளைப் பார்க்கிறா. அந்தப் பார்வை எனக்கு வரவே இல்லை. ஒரு தடவை முறைச்சா, ஒரு தடவை தூங்கினா.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் உறைச்சுது. அவ நம்மளைப் பார்க்கலை. எதிர்ல நின்னு வரையிற அக்காவைப் பார்க்கிறா. "ஜெயிச்சுட்டேன், பார்த்தியா?"ங்கற பார்வை. கேரம்ல ரெட்டைப் போட்டுட்டு நான் எங்க அக்காவைப் பார்த்த அதே பார்வை.

அம்மாவை யார் பார்த்துக்கறதுன்னு வந்த சண்டைக்கு அப்புறம் அக்காவும் நானும் ஏழு மாசமா சரியாப் பேசலை. வாட்ஸ்அப்ல "ஓகே", "சரி", அவ்வளவுதான். அவ இருக்கறது ஜெர்மனியில. அந்த ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போட்டு, "சும்மா உக்காரு, உன்னை வரையணும்"னு சொன்னேன்.

"என்னடா, குடிச்சிருக்கியா?"ன்னு கேட்டா. ஆனா உக்கார்ந்தா. நாற்பது நிமிஷம். சண்டையைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. கண்ணுக்குக் கீழ கருவளையம் வந்திருந்தது, அதை நான் கவனிச்சதே இல்லை. கடைசியில போனைத் திருப்பி கேன்வாஸைக் காமிச்சேன்.

ரொம்ப நேரம் பார்த்தா. "மூக்கு என்னோடது இல்லடா. அம்மாவோடது" அப்படின்னா. அப்புறம், "அம்மா சாப்பிட்டாங்களா?"ன்னு கேட்டா.

லூசியா இன்னும் முடியலை. அக்கா அடுத்த ஞாயிறும் உக்கார்றேன்னு சொல்லியிருக்கா. அதுக்குள்ள கீழ் லேயர் காயணும்.