சாதி பஸ் ஏறி வருகிறது, சான்றிதழ் ஏறுவதில்லை

(குன்னூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம். போன மாதம் என் தங்கச்சியிடமிருந்து வந்த ஒரு போனைப் பற்றிப் பேசுகிறேன்.

அவள் அத்திப்பள்ளியில் இருக்கிறாள். ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லையில் கால் வைத்ததும் வருகிற ஊர். ஆனேக்கல் தாலுகா. விடியறதுக்கு முன்னாலேயே கம்பெனி பஸ்கள் வந்து நின்று, பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஆள் அள்ளிக்கொண்டு போகும். ராத்திரி கொண்டுவந்து கொட்டும். தூங்குவதற்கு மட்டும் ஒரு ஊர். தங்கச்சி கார்மென்ட்ஸில் தைக்கிறாள். மாப்பிள்ளை ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். மகள் எட்டாம் வகுப்பு.

"அண்ணே, பாப்பா ஸ்காலர்ஷிப்புக்கு ஆர்.டி. நம்பர் கேக்குறாங்க. நம்ம சான்றிதழைக் காட்டுனேன். இது தமிழ்நாட்டுது, இங்க செல்லாதுன்னுட்டாங்க. அங்க எஸ்.சி., இங்க இல்லையாம். அப்ப இங்க நாம யாருண்ணே?"

நான் ஒரு பேங்க் கிளார்க். காகிதம் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அவளுக்குப் பதில் சொன்ன குமாஸ்தாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சட்டத்தைத்தான் சொன்னார். இன்றைக்கு நாம் பேச வேண்டியது அந்தச் சட்டத்தைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஏன் போனாள்? ஆசைப்பட்டுப் போகவில்லை. இந்த மலையில் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 58 வயதில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். கொழுந்து கிள்ளவோ கவ்வாத்து வெட்டவோ பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்தால்தான் அந்த அறை குடும்பத்துக்கு நிற்கும். நான் பேங்குக்கு வந்துவிட்டேன். தங்கச்சி பன்னிரண்டாவது முடித்தவள், கூடையைத் தூக்க மாட்டேன் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எங்கள் கவுன்டருக்குப் பணிக்கொடைப் பணம் எடுக்க வருகிற பெரியவர்களைப் பார்க்கிறேன். முப்பது வருச உழைப்பு, அப்படியே பெங்களூரிலோ திருப்பூரிலோ மகன் வீட்டு அட்வான்ஸாகப் போகிறது. பெங்களூர்ப் பக்கம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம்.

ஆக, இது எங்கள் குடும்பத்தின் மூன்றாவது பெயர்ச்சி.

முதல் பெயர்ச்சி தாத்தாவுடையது. முசிறிப் பக்கம் சேரியிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போக, சிலோனுக்கு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். லயத்துக்கு லயம் சாதி பார்த்துக் குடிவைத்திருந்தது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. 1948-ல் சிலோன் சுதந்திரம் அடைந்த வேகத்தில் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருவரையாவது கேட்டார்களா? கொழுந்தை எடை போட்டுப் பிரிப்பது போலப் பிரித்தார்கள்.

இரண்டாவது பெயர்ச்சி அப்பாவுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் 1976-ல் டேன்டீ கார்ப்பரேஷன் ஆனது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எங்கும் நம் சனம் குடியேறியது இப்படித்தான். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊரில் வைத்த பெயர் 'சிலோன்காரன்'.

அப்பா எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனார். கூட நானும் போனேன், பள்ளிக்கூடப் பையன். அலுவலகத்தில் கேட்டார்கள்: "1950-ல உங்கப்பா எங்கய்யா இருந்தாரு?" அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என்றார் அப்பா. "அப்ப சிலோன்லதான் நீங்க எஸ்.சி.!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு முசிறிக்குப் போய், ஒட்டுறவு இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, கிராம அதிகாரியிடம் எழுதி வாங்கி, சான்றிதழ் கைக்கு வர இரண்டு வருசம் ஆனது. சேரியில் எங்கள் வீடு எது என்பது ஊர்க்காரர்களுக்கு மறக்கவே இல்லை தோழர்களே. அறுபது வருசம் ஆகியும் கை நீட்டிக் காட்டினார்கள். காகிதத்துக்குத்தான் சாட்சி தேவைப்பட்டது.

ஏன் 1950? பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்தது. அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவுப்படி, எந்த மாநிலத்துக்கு எந்தச் சாதி என்று தனித்தனிப் பட்டியல். அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே ஒருவர் பட்டியல் சாதி. அந்தத் தேதியில் உங்கள் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எது என்பதுதான் அடிப்படை. பிறகு பிறந்த பிள்ளைக்கு அப்பன், பாட்டனின் இருப்பிடம்.

இதை உறுதிப்படுத்திய முக்கியமான தீர்ப்பு 1990-ல் வந்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திராவில் தெனாலியில் பிறந்த பழங்குடிப் பட்டியல் பையன். அப்பாவுக்கு அரசு உர நிறுவனத்தில் வேலை, அதனால் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு பம்பாய். அங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டான். இங்கே நீ பழங்குடி இல்லை என்றார்கள். உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அதுதான் சரி என்றார்கள். இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தாலும் செல்லாது என்று 1994-ல் இன்னொரு தீர்ப்பு. 2018-ல் பீர் சிங் வழக்கில் மறுபடியும் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே சொன்னது. நம் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. இருந்தும் என் தங்கச்சி மகள் அந்த ஆதிதிராவிடர் இல்லை. அங்கேயே பிறந்திருந்தாலும் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். கோலார் தங்கவயலுக்கு 1900 வாக்கில் வடாற்காட்டிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் கர்நாடகத்தில் பட்டியல் சாதி. 1950-ல் அவர்கள் அங்கே இருந்தார்கள். அதே சேரியிலிருந்து நேற்றுப் போனவனின் பிள்ளை பொதுப் பிரிவு. பட்டியலைத் தேதி போட்டுப் பூட்டிவிட்டார்கள். வேலை தேடிப் போகிற கால்களை அப்படிப் பூட்ட முடிகிறதா?

நீதிமன்றத்தின் வாதம் இதுதான்: ஒரு சாதியின் இழிநிலை அந்தந்த இடத்தைச் சார்ந்தது, இடம் மாறினால் அந்தக் கஷ்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அத்திப்பள்ளியில் வீடு தேடின கதையைக் கேளுங்கள். முதல் வீட்டுக்காரர் "யாவ ஜன?" என்றார். எந்த சனம் என்று அர்த்தம். தங்கச்சிக்குக் கன்னடம் தெரியாததால் அந்தக் கேள்வி தப்பியது. இரண்டாவது வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர், தமிழர். சந்தோசமாகப் பேசினார். "எந்த ஊரும்மா? நீலகிரியா? படுகரா? இல்லையா... எஸ்டேட்டா? சிலோன் ஆளுங்களா?" நாலே கேள்வி. மொழிபெயர்ப்பே தேவையில்லை. சாயங்காலம் போன் வந்தது, வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஐந்தாவது வீடுதான் கிடைத்தது.

சாதி எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்கவில்லை தோழர்களே. நம்ம கூடவே பஸ் ஏறி வந்தது. சான்றிதழைத்தான் எல்லையில் இறக்கிவிட்டார்கள். இன்றைக்கு முன்னுரிமை ரேஷன் கார்டு இருந்தால் எந்த மாநிலத்திலும் அரிசி வாங்கலாம். தமிழ்நாடு 2020-ல் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. வயிற்றுக்கு எல்லை இல்லை என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது. படிப்புக்கு மட்டும் எல்லை இருக்கிறது.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்று. அந்த 1990 தீர்ப்பு தனக்குத் துணையாக அண்ணல் அம்பேத்கரின் பேச்சையே எடுத்துக்காட்டுகிறது. பழங்குடிப் பகுதியை விட்டு வெளியே போகிறவர் அந்தப் பகுதிக்கான சலுகைகளைக் கூடவே கொண்டுபோக முடியாது, நடைமுறையில் அது சாத்தியமில்லை என்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பதில் சொன்னார். இதை எதிராளி எடுத்துப் போடுவதற்கு முன்னால் நாமே எடுத்துப் படிக்க வேண்டும். அவர் பேசியது தனி நிர்வாகம் கொண்ட ஒரு நிலப்பகுதியைப் பற்றி. தீண்டாமைக்கு அப்படி எல்லை கட்டின நிலப்பகுதி எது? இன்னொரு சாட்சியும் அவரேதான். 1917-ல் கொலம்பியாவில் படித்துவிட்டு வேலைக்காக பம்பாயிலிருந்து பரோடா சமஸ்தானத்துக்குப் போனார். இருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சி பெயரில் தங்கினார். விசயம் தெரிந்து தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பினார். ஊர் மாறி வேலைக்குப் போன ஒரு தலித்துக்கு என்ன ஆகும் என்பதை அவரைவிட யார் எழுதியிருக்கிறார்கள்?

அதற்காகப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதே நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதிய இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்கு இறங்கிப் போனார். 1891-ல் பறையர் மகாஜன சபை, 1893-ல் 'பறையன்' இதழ். அயோத்திதாசர் வளர்ந்ததும் இந்த மலையில்தான். பெயர்ச்சி நம் வரலாறு. சேரியை விட்டு, லயத்தை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. மத்திய அரசு வேலை, மத்தியப் பல்கலைக்கழகம், என்.ஐ.டி. இவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் எங்கே இருந்தாலும் செல்லும். ஆகவே தொலைக்காதீர்கள்; பிள்ளைகள் பேரில் இங்கேயே வாங்கிவிட்டுப் போங்கள். வெளி மாநிலத்தில் படித்துவிட்டு இங்கே கல்லூரிக்குத் திரும்பினால் இருப்பிடச் சான்று கேட்பார்கள், அதற்கான ஆதாரங்களையும் வைத்திருங்கள். ஆனால் சில வாசல்கள் மூடிவிடும். மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான்; மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீதத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். என் தங்கச்சி மகளுக்கு, ஆறாம் வகுப்பு அங்கே தொடங்கிய அன்றைக்கே பாதி வாசல் அடைத்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிற எனக்கே தெரியவில்லை. அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் சில கிலோமீட்டர்தான். ஜூஜூவாடிப் பக்கம் வீடு எடுத்து, பிள்ளையை ஓசூரில் படிக்கவைத்து, அதே கம்பெனி பஸ்ஸுக்குப் போயிருக்கலாம்.

இது சமாளிப்பு. தீர்வு இல்லை. விருப்பமில்லாமல் இடம்பெயர நேர்கிறவர்களுக்காக நாடாளுமன்றம் யோசிக்க வேண்டியிருக்கலாம் என்ற பொருளில் அந்த 1990 தீர்ப்பே ஒரு வாசலைத் திறந்து வைத்தது. முப்பது வருசத்துக்கு மேல் ஆயிற்று. வாசல் அப்படியே கிடக்கிறது. பட்டியலில் கைவைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். பிழைப்புக்காகப் போகிற பட்டியல் சாதிக் குடும்பத்தின் பிள்ளைக்கு, அது படிக்கிற மாநிலத்தில் உதவித்தொகையாவது, கல்லூரி இடமாவது கிடைக்கச் சட்டம் வேண்டும். அங்குள்ள தலித்துகளின் பங்கை நாம் பறிப்பதாக ஆகிவிடக் கூடாது என்பதும் உண்மை. அந்தப் பயம் நியாயமானது. அதனால் தனியாகக் கூடுதல் இடம் கேட்போம். கர்நாடகத் தோழர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கேட்போம்.

'விரும்பித்தானே போனீர்கள்' என்று கேட்பார்கள். தாத்தா கங்காணியோடு போனது விருப்பமா? அப்பாவை இரண்டு பிரதமர்கள் கையெழுத்தில் கப்பல் ஏற்றியது விருப்பமா? ரிட்டயர்மென்டோடு வீடும் போன குடும்பம் மலை இறங்கியது விருப்பமா?

மாணவத் தோழர்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் லைனிலிருந்து ஒரு குடும்பம் சாமான் கட்டுகிறது என்று தெரிந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்காருங்கள். பிள்ளைகளின் சான்றிதழ் இருக்கிறதா, எந்த வகுப்பு, எங்கே சேர்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தலைவர்கள் வர மாட்டார்கள். நீங்கள்தான்.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பாப்பாவை அடுத்த வருசம் ஓசூர்ல சேர்க்கலாமான்னு பாரு" என்று மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "இன்னொரு தடவ மூட்டையைக் கட்டணுமாண்ணே?" என்றாள்.

இந்தக் கேள்வியை உங்களிடமும் விட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். ஜெய்பீம்.