மலைச்சேறும் கெண்டைக்கால் வலியும்

வழக்கமாக இந்த மேடையில் ஒலிவாங்கியை மற்றவர்களிடம் நீட்டுவதுதான் என் வேலை. இன்று 'வேலைக்குப் போகிறவர்களுக்கு விளையாட்டு எதற்கு?' என்று தலைப்பு வைத்து, "நீதான் சேற்றில் விழுந்து எழுந்து வந்தவள், நீயே பேசு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

கடந்த ஆண்டு முழுக்க நான் ஓட்டிய மிதிவண்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சாலைப் பந்தயம் ஒன்று, மலைப்பாதைப் பந்தயம் இரண்டு, கடைசியாகக் காட்டுவழி டிரையத்லோன் ஒன்று. எதிலும் பதக்கம் வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம்!

நான் பாலிக் புலாவ்காரி. மலாய்மொழியில் அந்தப் பெயருக்கே 'தீவின் பின்பக்கம்' என்று பொருள் கொள்ளலாம். ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம். ஆண்டுக்கு ஒருமுறை டுரியான் சாப்பிட வருவார்கள், அப்படியே ஒரு கோப்பை லக்சா குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவனைக் கேட்டுப் பாருங்கள், பினாங்கிலேயே நல்ல இடம் எங்கள் ஊர்தான் என்பான். சுங்கை பூரோங் பக்கம் போனால் வயல்வெளி, தட்டையான பாதை, கொக்குகள். பூலாவ் பெத்தோங் பக்கம் போனால் மீன்பிடிப் படகுகள். ஊரைவிட்டு வெளியே போகவேண்டுமென்றால் மட்டும் மலை ஏறியே ஆகவேண்டும். துன் சார்டோன் சாலை ஒரு பக்கம், தித்தி கெராவாங் வழியாகத் தெலுக் பஹாங் அணைக்கட்டுக்குப் போகும் சாலை இன்னொரு பக்கம், தெலுக் கும்பார் பக்கம் இறங்கும் சாலை மற்றொரு பக்கம். எந்தப் பக்கம் போனாலும் தொடைக்கு வேலை உண்டு. தீவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் எழுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பினாங்கின் பாதி சைக்கிள்காரர்கள் அந்தச் சுற்றில்தான் இருப்பார்கள்.

பந்தயக்காரர்கள் அறியாத இன்னொரு உலகம் டுரியான் தோட்டங்களுக்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கூடை கட்டிப் பழம் இறக்குவதற்காகப் போட்ட சிமெண்டுப் பாதைகள். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம், சுவரில் ஏறுவது போன்ற செங்குத்து. அதில் ஏறிப் பழகியவருக்கு எந்தப் பந்தயமும் பெரிதாகத் தெரியாது. ஜூன், ஜூலை மாதங்களில் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. பழம் விழும் காலம். தலைக்கவசம் தார்ச்சாலைக்குத்தான், டுரியானுக்கு அல்ல!

என் சைக்கிள் பழைய சாமான்தான், 1,800 வெள்ளி. அம்மாவிடம் 800 என்று சொன்னேன். (இந்த நிகழ்ச்சியை அம்மா பார்ப்பார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.) அவருடைய கவலை விலையைப் பற்றியதே அல்ல. "ஏம்மா, வெயில்ல சுத்தி மூஞ்சி கறுத்துப் போச்சுன்னா டிவியில யாரு உன்னைக் கூப்பிடுவா?" என்று கேட்டார். ஒப்பனை செய்யும் அக்காவும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் நாகரிகமாக. நெற்றியில் தலைக்கவச வார் பதிந்த கோட்டை மறைக்கத் தனியாகப் பத்து நிமிடம் ஆகிறதாம்.

நம் பெண்களிடம் விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடைசியில் தோலின் நிறத்தில் வந்து நிற்கிறது. பையன்களிடம் பேசினால் 'சோறு போடுமா?' என்பதில் நிற்கிறது. நம்மவர்களுக்கு உடல் வலு இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நெடுநடையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்து தங்கம் வாங்கியவர் நம் ஜி. சரவணன். சைக்கிளில் எம். குமரேசன் 1988-இல் சியோல், 1992-இல் பார்சிலோனா என்று இரண்டு ஒலிம்பிக்கிற்கு மலேசியாவுக்காகப் போனவர். இந்த அவையில் குமரேசனைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். நான்கு பேர். கிரிக்கெட் வீரர் பெயர் கேட்டிருந்தால் கூரை இடிந்திருக்கும்.

சரி, பருவத்துக்கு வருகிறேன். தைப்பூசத்துக்கு முன் தண்ணீர்மலைப் படிகளில் ஏறி இறங்கிக் காலைப் பலப்படுத்தினேன். படியேறும் பக்தர்களோடு சேர்ந்து ஏறியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிப்ரவரியில் சாலைப் பந்தயம். பினாங்கில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை குறைவு. கடைசியிலிருந்து நான்காவதாக வந்தேன். சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

மலைப்பாதைப் பந்தயங்களுக்கு நம் நாட்டில் 'ஜம்போரி' என்று பெயர். செம்பனைத் தோட்டங்களுக்குள் நடக்கும். ஃபெர்ரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் போய், அங்கிருந்து நண்பரின் வேனில் கெடா எல்லை வரைக்கும் போனோம். பினாங்குப் பாலத்தில் மற்ற நாட்களில் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. எங்கள் தீவுக்காரர்களுக்கு ஃபெர்ரிதான் கதி. பந்தயத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக வருகிறவர்கள். ஐம்பது வயது லோரி ஓட்டுநர், பள்ளிக்கூட ஆசிரியை, மரத்தச்சர், வங்கி அதிகாரி எல்லோரும் ஒரே சேற்றில் ஒரே நிறத்தில் நிற்பார்கள். இரண்டாவது ஜம்போரியில் 20-ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஏற்பாட்டாளர்களிடம் போதுமான தண்ணீர் இல்லை. ஒரு மலாய் அண்ணன் தன் புட்டியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் குலுக்கலில் ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் விழுந்தது.

இந்த மலைச் சைக்கிள் விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1970-களில் கலிபோர்னியாவில் தமால்பைஸ் மலைப் பக்கத்தில் சில இளைஞர்கள் பழைய பாரச் சைக்கிள்களில் கீழே பாய்ந்து விளையாடியதில் தொடங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. அதே 1996-இல் ஹவாயின் மாவி தீவில் நீச்சல், மலைச் சைக்கிள், காட்டு ஓட்டம் மூன்றையும் சேர்த்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். இன்று அதை எக்ஸ்டெர்ரா என்கிறார்கள். முழுப் பந்தயமென்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நான் செப்டம்பரில் போனது அந்தப் பெயரில் நடந்ததல்ல, அளவிலும் பாதிதான். பேராக்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் 750 மீட்டர் நீந்தி, 15 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 5 கிலோமீட்டர் ஓடவேண்டும்.

முதல்நாள் இரவு நல்ல மழை. சைக்கிள் பாதையில் ஒரு கால்வாய், முழங்கால் அளவு தண்ணீர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். அதற்கு முன்பே ஒரு வளைவில் விழுந்து முழங்காலில் தோல் உரிந்திருந்தது. யாருக்கு அது கவலை? ஓட்டத்தில் மூன்று பேரைத் தாண்டினேன்! எல்லைக்கோட்டைத் தொட்டபோது வாயெல்லாம் சேறு, மனமெல்லாம் மத்தாப்பு. அந்தப் படத்தைத்தான் இப்போது பின்னால் திரையில் காட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

இரண்டு கெண்டைக்காலும் தொடமுடியாத வலி. பந்தயம் ஓடியவளுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும்? கண் சிவந்திருந்தது. அது ஒளிப்பதிவு விளக்கினால் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவரிடம் போனேன். இந்த ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கிதானே, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கி இல்லை என்று வந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மருத்துவர் மீது ஒரு குறையும் இல்லை. "எங்காவது போயிருந்தீர்களா?" என்று அவர் கேட்டார். "பேராக் போயிருந்தேன்" என்றேன். குட்டையில் நீந்தினேன், கால்வாயில் நடந்தேன், முழங்காலில் காயம் என்று சொல்லவில்லை. ஊர் ஊராய்ப் போய் அடுத்தவர்களைக் கேள்வி கேட்கிற எனக்கு, கேட்ட ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டது. அம்மாதான் பக்கத்துவீட்டு அங்கிளின் காடியில் என்னை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே இளம் மருத்துவர் ஒருவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "இது எப்படி?" என்று கேட்டார். அதற்கு அம்மா பதில் சொன்னார், "சேத்துல சைக்கிள் ஓட்டினா டாக்டர், குட்டையில வேற நீந்தினா" என்று, புகார் சொல்வது போல. அந்தப் புகார்தான் என்னைக் காப்பாற்றியது.

வந்திருந்தது எலிக்காய்ச்சல். மலாய்க்காரர்கள் 'கென்சிங் திகுஸ்' என்று சொல்வார்கள், மருத்துவத்தில் லெப்டோஸ்பைரோசிஸ். எலி முதலிய பிராணிகளின் சிறுநீரில் இருக்கும் கிருமி, தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கலந்து, தோலில் உள்ள காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடம்புக்குள் நுழைகிறது. நுழைந்தவுடன் காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் பந்தயத்தை நாம் மறந்துவிடுவோம். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் இந்த நோய்க்கே உரிய அடையாளங்கள். என்னிடம் இரண்டும் இருந்தன, இரண்டுக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே போதும். விட்டுவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று போய் உயிரையே எடுத்துவிடும்.

இது எனக்கு மட்டும் வந்த அபூர்வ நோய் என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு நம் சபாவில் 'இக்கோ சேலஞ்ச்' என்ற சாகசப் பந்தயம் நடந்தது. பல நாடுகளிலிருந்து 304 பேர் கலந்துகொண்டார்கள். முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலருக்குக் காய்ச்சல். அமெரிக்க நோய்த்தடுப்பு அதிகாரிகள் 189 பேரை விசாரித்ததில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்குத்தான் அதிகமாக வந்திருந்தது. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. உலகத்தின் மிக உறுதியான உடம்புக்காரர்கள் அவர்கள்! 2010-இல் பகாங், லுபோக் யூவில் நடந்ததுதான் கொடுமை. நீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடி மீட்புப் பணியாளர்களும் கிராமத்தாரும் ஆற்றில் இறங்கினார்கள். பிறகு நோய் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கே மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோயும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து தாக்கியிருந்தன. எலிக்காய்ச்சல் வந்தால் சுகாதார அமைச்சுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதி வந்தது அந்த 2010-ஆம் ஆண்டில்தான்.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பதிவுப் பாரத்தோடு ஒரு தாள் கொடுங்கள்: 'இந்தத் தண்ணீரில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் இதை மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று நான்கு மொழியில். பனியன் அச்சடிக்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. எல்லைக்கோட்டில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று வையுங்கள், சேற்றோடு நின்று ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்காக. காயம் உள்ளவர்கள் நீர் புகாத பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், பெரிய காயமென்றால் இறங்கவே வேண்டாம். பந்தயம் அடுத்த ஆண்டும் வரும்.

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியா, இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன்" என்று பிள்ளைகளின் சைக்கிளைப் பூட்டி வைக்கும் பெற்றோர் உங்களில் இருப்பீர்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலை ஜொகூர் பாருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். 'பாசிக்கால் லாஜாக்' என்று மாற்றியமைத்த சைக்கிள்கள். அந்த வழக்கைப் பற்றி நாடே பல ஆண்டு விவாதித்தது, நான் அதற்குள் போகவில்லை. அந்தப் பிள்ளைகளை வேகத்தின் மேலிருந்த ஆசைதான் சாலைக்கு இழுத்தது. என்னைப் பேராக் வரைக்கும் கொண்டுபோனதும் அதே ஆசைதான். எனக்கு ஒரு பதிவு எண், தலைக்கவசம், பாதையில் கொடி பிடிக்க ஓர் ஆள் இருந்தார்கள். அவர்களுக்கு நள்ளிரவுச் சாலைதான் கிடைத்தது. சைக்கிளைப் பூட்டலாம், அந்த ஆசையை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவீர்கள்?

எங்கள் ஊரில் இடம் இருக்கிறது. தோட்டப் பாதைகள் இருக்கின்றன, அறுவடை முடிந்த வயலோரம் இருக்கிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் தெலுக் பஹாங் சாலையில் மண் சரிந்து வழி அடைபட்டபோதுகூட ஊர்க்காரர்கள் கைகோத்து வேலை பார்த்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு, தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பந்தயம் நடத்த எத்தனை பேர் வேண்டும்? நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான்காவது ஆள் இந்த அவையில் இருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறைப் பக்கம் வாருங்கள்.

மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தேன். சிறுநீரகம் தேறிவிட்டது. சைக்கிள் ஓட்ட மூன்று மாதம் ஆகும் என்றார்கள், ஆனது. வீட்டுக்கு வந்த அன்று பின்கட்டில் பார்த்தால் என் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. அம்மா கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரும் கிருமிநாசினியும் ஊற்றிச் சங்கிலி வரைக்கும் தேய்த்துக் கழுவியிருந்தார். சங்கிலியில் இருந்த எண்ணெயெல்லாம் போய், இரண்டு நாளில் துரு ஏறிவிட்டது. புதுச் சங்கிலி 90 வெள்ளி. அம்மாவிடம் இருபது என்று சொன்னேன்.

நடுவர் மணியைப் பார்க்கிறார்.