மடைக்குத் தமிழ் தெரியவேண்டும்

(கோவிற்பட்டியில் உழவர்களும் தமிழன்பர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

நீர்ப்பாய்ச்சும் கருவியைப் பற்றித் தமிழாசிரியன் பேச என்ன இருக்கிறது என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். கருவியைச் செய்தவன் பொறியாளன், வாங்குபவன் உழவன். இருவர்க்கும் இடையே நிற்பது மொழி. அம்மொழி இன்று தமிழாக இல்லை. ஆகலின் யான் பேசுகின்றேன்.

நம் கரிசலின் இயல்பு நீங்கள் அறியாததன்று. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். வெடித்த நிலத்திற் பாய்ச்சிய நீர் முதலில் பிளவு வழியே ஓடி மறையும்; மண் உப்பிப் பிளவு மூடியபின் கீழிறங்க மறுத்து மேலே தேங்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில கிழமைகளிற் கொட்டித் தீர்ந்துவிடும். 1901இல் இவ்வூரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றதும் இத்தகைய வானம் பார்த்த நிலத்தின்பொருட்டே. இங்குக் கிணற்று நீரை அளந்துதான் விடவேண்டும்; ஒரேயடியாக விடாமல், சிறுகச் சிறுக இடைவெளி கொடுத்து விடவேண்டும். இதனை மாந்தர் கையால் நாள்தோறும் செய்வது அரிது. அதற்கென வந்ததே இக்கருவி.

கையடக்கமான பெட்டி. சொட்டுநீர்க் குழாயின் மடையருகே குழிக்குள் வைத்து மூடிவிடலாம். வயலுக்கு மின்கம்பி இழுக்க வேண்டா. 9 வோல்ட்டு மின்கலம் போதும். மின்கலம் ஓராண்டளவும் உழைப்பது எங்ஙனம் என்று யானும் வியந்தேன். மடையைத் திறக்க, அங்குள்ள வரிச்சுருளுக்கு ஒரு நொடியினும் குறைந்த மின்துடிப்பு ஒன்று செல்கிறது. திறந்தபின் நிலைக்காந்தம் அதனை அப்படியே பற்றிக்கொள்கிறது. மூடவேண்டின் எதிர்த்திசையில் இன்னொரு துடிப்பு. கதவைத் திறந்து கொக்கி மாட்டிவிட்டுப் போவது போன்றது இது. கையாற் பிடித்துக்கொண்டே நிற்பதன்று. ஆணையிடுவதோ உங்கள் கைப்பேசி. புளூடூத்து என வழங்கும் குறுந்தொலைவு அலை பத்துப் பதினைந்து மீட்டர் எட்டும். கோபுரமும் வேண்டா, இணையமும் வேண்டா. வரப்பில் நின்றே நேரம் குறிக்கலாம்.

ஆனால் ஒன்று. இது மடையைத்தான் திறக்கும். கிணற்றுப் பொறியை ஓட்டாது. மின்கட்டணப் போராட்டத்தை நடத்திய நாராயணசாமி நாயுடு 1984 திசம்பரில் உயிர் நீத்தது இதே கோவிற்பட்டியில். 1990இல் உழவர் அனைவர்க்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. ஆயின் மும்முனை மின்சாரம் வரும் நேரம் நம் கையில் இல்லை. மடை ஆறு மணிக்குத் திறந்திருக்க, மின்சாரம் ஒன்பது மணிக்கு வந்தால் பயனென்ன? மின்சாரம் வரும் வேளையறிந்து நேரம் குறியுங்கள். விற்பவர் இதனைச் சொல்லமாட்டார்.

இனி என் குறைக்கு வருகிறேன். யான் கையிலெடுத்துப் பார்த்த கருவிகளிலெல்லாம் திரை முழுதும் ஆங்கிலம். எங்கள் பக்கத்து அம்மையார் ஒருவர் மிளகாய் வைத்திருந்தார், நான்கு மடைகள். மடைக்கு இருபது மணித்துளி எனக் குறித்தார். பிறகு 'சுட்டார்ட்டு டைம்' என்றிருந்த இடத்தில் 6 மணி, 6.20, 6.40, 7 மணி என நான்கையும் குறித்துவிட்டார். மடைக்கு ஒன்றென அவர் கருதியது இயல்பே. கருவிக்கோ அது நான்கு மடைகளும் வரிசையாகப் பாயும் ஒரு முழுச்சுற்றின் தொடக்கம். நான்கு தொடக்கம், நான்கு சுற்று! இருபது மணித்துளி பாயவேண்டிய பாத்தி எண்பது மணித்துளி பாய்ந்தது. கரிசலில் அவ்வளவு நீர் எங்கே இறங்கும்? பத்து நாளில் வேர் அழுகிற்று. விற்ற கடையில் கேட்டதற்கு, "நூலில் எழுதியிருக்கிறதே" என்றார்களாம். எந்த மொழியில் எழுதியிருக்கிறது?

அவ்விடத்தில் 'முறைத்தொடக்கம்' என்று இருந்திருப்பின், "ஒரு முறைக்கு எதற்கு நாலு தொடக்கம்?" என்று அவரே கேட்டிருப்பார். முறை என்பது நம் குளத்துப் பாய்ச்சலின் சொல். "என் முறை எப்போது?" என்று நீர்க்கட்டியிடம் கேட்டவர் அல்லவோ நம் பாட்டனார்? புரோகிராம் என்பது முறை. டேசன் என்பது மடை. ஒரு மடை எவ்வளவு பொழுது ஓடுகிறதோ அது பாய்நேரம். மழை பெய்தால் சில நாள் நிறுத்திவைக்கும் அமைப்பு மழைவிடுப்பு. இவற்றுக்குப் புலவர் மன்றம் கூடவேண்டியதில்லை. உங்கள் வாயிலிருந்தே எடுத்தேன். இடைசெவல் கி. இராசநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதியாக்கினார். புழுதியிற் கிடந்த சொல்லையெல்லாம் அவர் பொறுக்கிச் சேர்த்தார். யாம் அவற்றைக் கருவிமேல் ஏற்றவில்லை.

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். புளூடூத்தை நீலப்பல் என்று பெயர்ப்பது தமிழ்த்தொண்டு அன்று, நகைப்புக்கே இடந்தரும். அச்சொல்லை உழவன் ஆளப்போவதில்லை. கருவி தானே ஆண்டுகொள்ளும். உழவன் கைபடும் நான்கைந்து சொற்களே நமக்கு முதன்மை.

சொட்டுநீர் அமைப்புக்குத் தமிழக அரசு சிறு, குறு உழவர்க்கு முழுத்தொகையும் ஏனையோர்க்கு 75 விழுக்காடும் நல்குகிறது. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிய அரசு அது. பணம் தருவோர்க்குக் கட்டளையிடும் உரிமையும் உண்டன்றோ? திரையிலும் குறிப்பேட்டிலும் தமிழில்லாத நீர்க்கருவிக்கு நல்கை இல்லை என ஒரு வரி சேர்த்தால் விற்பவன் ஆறு திங்களில் தமிழ் கற்பான். இதனை வேளாண்மைத் துறைக்கு விண்ணப்பமாக எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் இடுக.

விண்ணப்பம் போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டா. மேற்சொன்ன சொற்களைச் சிறு சீட்டுகளில் எழுதி, பசையோடு கொண்டுவந்திருக்கிறேன். திரையுள்ள பெட்டி வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வருக, ஒட்டித் தருகிறேன். கைப்பேசியில் ஆள்வோர் சீட்டை அதன் உறைக்குள் வைத்துக்கொள்க. முறைத்தொடக்கம் ஒன்றுக்குமேல் குறித்திருப்போர் அதனையும் சொல்லுங்கள், இன்றைக்கே திருத்திவிடுவோம்.