நம்ம பிரஷர் கேஜ்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பேசுவான்னு கூப்பிட்டா, இவன் ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசறானே" என்று சங்கச் செயலாளர் முழிப்பது தெரிகிறது. பயப்பட வேண்டாம். என் தொழிலே பிரஷர்தான்.

நான் வேலை பார்ப்பது பம்ப் செய்யும் ஆலையில். தினமும் ஐம்பது தடவையாவது பிரஷர் கேஜைப் பார்ப்பேன். என் சொந்த பிரஷரை மட்டும், வேலைக்குச் சேர்ந்தபோது பார்த்ததோடு சரி. போன வருஷம் ஆலையில் ரத்ததான முகாம் நடந்தது. முதல் ஆளாகப் போய் நின்றேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸம்மா, "சார், உங்ககிட்ட ரத்தம் எடுக்க முடியாது. 158க்கு 102 இருக்கு" என்றார்.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நல்லாத்தானே இருக்கேன் என்று வாதாடினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அப்பா ஞாபகம் வந்தது. அவரும் நல்லாத்தான் இருந்தார். 57 வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த அன்றுதான் அவருக்கு முதன்முதலாக பிரஷர் பார்த்தார்கள். இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது சுமார் 5 அடி 4 அங்குலம் உயரத் தண்ணீரின் அழுத்தம். என்னுடைய 158 என்றால் 7 அடி! ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அந்த உயரத்துக்குத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. இந்த பம்புக்கு ஷட்டவுன் கிடையாது.

குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு ஆகும் என்ற பாய்சேய் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அதே விதிதான் நம் ரத்தக் குழாய்க்கும். கொஞ்சம் சுருங்கினாலும் பிரஷர் ஏறும், கொஞ்சம் விரிந்தாலும் இறங்கும். வேகமாக நடக்கும்போது ஓட்டம் கூடி, ரத்தம் குழாயின் உள்சுவரை உரசுகிறது. சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிட, குழாய் தளர்ந்து விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு நடைக்குப் பிறகு பல மணி நேரம் பிரஷர் சற்று இறங்கியே இருக்கும். விடாமல் செய்தால், கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் எண் 5 முதல் 8 வரை குறையும்.

சரி, வயிற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் டாக்டரிடம் கேட்ட அதே கேள்வி. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று, சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவை ரத்தத்தில் கலந்து, குழாய்களிலும் சிறுநீரகத்திலும் பிரஷரைச் சரிசெய்யும் வேலையில் பங்கெடுக்கின்றன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 ஆண்களுக்குத் தினமும் 6 கிராம் உப்பு கூடுதலாக 14 நாள் கொடுத்தார்கள். பிரஷர் ஏறியது, குடலில் இருந்த லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்தது. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சாப்பாட்டை மாற்றாமல் ஆறு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களில், குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, அந்த நல்ல அமிலங்கள் கூடின. பயிற்சியை நிறுத்தி ஆறு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது!

இந்தக் குடல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்தது. அதனால் விலை கூடிய பாக்டீரியாப் பொடி வாங்கவோ, மாத்திரையைத் தூக்கிப் போடவோ நான் சொல்லவில்லை. கீரை, பயறு, கேழ்வரகு, சுண்டல் போதும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஹாஸ்டல் மெஸ்ஸில் சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளாமல், ஊறுகாய்க்குச் சோறு தொட்டுக்கொண்ட ஆள் நான். என்னாலேயே முடிந்ததென்றால் உங்களால் முடியாதா?

வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிஷம் நடக்கிறேன். எட்டு மாதத்தில் 128க்கு 82. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. டாக்டர்தான் அளவைப் பாதியாகக் குறைத்தார்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சந்திப்பில் பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் மேசை ஒன்று போடுங்கள். கருவியின் செலவு என்னுடையது. ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். 140க்கு 90ஐத் தாண்டினால் இன்னொரு நாளும் பார்த்து, டாக்டரிடம் போக வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா அம்மாவை ஒரு தடவை பிரஷர் பார்க்க அழைத்துப் போங்கள். என் அப்பாவுக்கு நான் அதைச் செய்யவில்லை.