'எந்தத் தெரு?' என்று கேட்காத மருத்துவமனை வேண்டும்



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. கட்டாய மொட்டை கூடாது, கட்டாய வேலை கூடாது, வேலை செய்தால் கூலி தரவேண்டும், சாதி பார்க்கக் கூடாது என்கிறது.

சங்கிலி போனால் மட்டும் போதுமா?

இதே காஞ்சிபுரத்தில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத்தறியில் பிள்ளைகள் கொத்தடிமைகளாக உட்கார்ந்தார்கள். அப்படி வளர்ந்த ஒருவர் தூக்கமில்லாமல், படபடப்போடு சிகிச்சைக்கு வருகிறார் என்று வையுங்கள். அங்கே அதட்டினால், அவர் காதில் விழுவது முதலாளியின் குரல். 'எந்தத் தெரு?' என்றால், அது சாதியைத் துருவும் கேள்வி. 'சும்மாதானே இருக்கே' என்று கக்கூஸ் கழுவச் சொன்னால், ஊர் செய்ததையே மருத்துவமனையும் செய்கிறது. பிறகு மாத்திரை எப்படி ஆற்றும்?

ஆகவே நாம் கேட்பது இவைதான். காவலாளி முதல் மருத்துவர்வரை எல்லோருக்கும் சாதி உண்டாக்கும் மனக்காயம் பற்றிப் பயிற்சி கொடுங்கள். ஊசி போடும் முன், கதவைப் பூட்டும் முன் காரணம் சொல்லுங்கள். துப்புரவு வேலை யார் தலையில் விழுகிறது என்று கணக்கெடுங்கள். விதிகளை எழுதும்போது, சிகிச்சை பெற்ற தலித் மக்களையும் உட்காரவையுங்கள்.

உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். இதை நம் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோழர்களே, முதலில் அதைச் சொல்வோம்.